தெர்மோகோல் தீவில் முளைத்த எரிமலை

பேய், பிசாசு, ஜாதகம் எதையும் நம்பாத ஆள் நான். சிரிப்பீர்கள், சிரியுங்கள், ஆனால் டெக்சஸில் காப்பெல் ஊரில், என் வீட்டு டைனிங் டேபிளில், பட்டப்பகலில் நடந்தது இது.

ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகள் மிருதுளா, பள்ளிக்காகச் சாண்டோரினி என்ற கிரேக்கத் தீவை மாடலாகச் செய்ய வேண்டும். இங்கே நம் அப்பாக்கள் எல்லோரும் செய்யும் தப்பைத்தான் நானும் செய்தேன். "நீ தள்ளு, அப்பா பாத்துக்கறேன்" என்று பிடுங்கிக்கொண்டேன். ட்ரேயில் நீலத் தண்ணீர், பிறை வடிவில் தெர்மோகோல் மலை, உச்சியில் சர்க்கரைக் கட்டி வீடுகள், பலத்த காற்றுக்காக அங்கே தரையோடு கூடை மாதிரி சுருட்டி வளர்க்கிறார்களே திராட்சைக் கொடி, அதற்குக்கூட முறுக்கு முறுக்காகக் கம்பி. எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

ஞாயிறு மதியம் வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று பேரும் ஒரு பர்த்டே பார்ட்டிக்குப் போனோம். திரும்பும்போது காரில் டீச்சர் கொடுத்த தாளைப் படித்த மிருதுளா அலறினாள்.

"அப்பா! வேர் இஸ் த வால்கேனோ?"

பிறைக்கு நடுவே கடலில் கரிய எரிமலைத் தீவுகள் இரண்டு உண்டாம், அவைதான் முக்கியமாம். எனக்குத் தெரியவே தெரியாது. மறுநாள் காலையில் கொடுக்க வேண்டும். "யூ ரூயின்ட் இட்" என்று அவள் அழ, நான் ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன்.

கதவைத் திறந்தால், ட்ரேயின் நடுவில் இரண்டு கரிய மேடுகள், ஈரமாக, சொரசொரப்பாக, சரியாக அதே இடத்தில்.

"நீ செஞ்சியா?" என்று மனைவி வித்யாவைக் கேட்டேன்.

"நான் உங்ககூட கார்லதானே இருந்தேன்?"

வாசல் கேமராவின் பதிவை ஓட்டிப் பார்த்தேன். ஈ, காக்கைகூட உள்ளே வரவில்லை.

டீச்சர் என் மலைக்கும் வீடுகளுக்கும் மார்க்கைக் குறைத்துவிட்டார், பெரியவர்கள் கை தெரிகிறதாம். எரிமலைக்கு முழு மார்க், அதில்தான் குழந்தையின் உழைப்பு இருக்கிறதாம். எனக்கு அவமானமாகப் போய்விட்டது.

மாடல் கராஜுக்குப் போனது. குளிர்காலத்தில் இங்கே இட்லி மாவு லேசில் பொங்காது. வித்யா மட்டும் ஜனவரியில் மாவுப் பாத்திரத்தை அந்த ட்ரே பக்கத்தில் வைத்தாள். "அங்க வெச்சா நல்லா பொங்குதுங்க" என்றாள். நான் அந்தக் கரிய மேடுகளைத் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பாக இருந்தன.

போன வாரம் மிருதுளாவுக்கு அடுத்த ப்ராஜெக்ட் வந்தது. நான் கத்தரிக்கோலை எடுத்ததும், "அப்பா, டோன்ட் ஹெல்ப்" என்றாள். பிறகு கராஜ் கதவைத் திறந்து, இருட்டில் ட்ரே இருந்த பக்கம் பார்த்து, "யூ டூ" என்றாள்.

அன்றிலிருந்து மாவு பொங்கவில்லை.