நல்ல நேரம் பார்த்த நடை

புதுவருடக் குறிக்கோள் என்று யாராவது வாயைத் திறந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காரணம் என் மனுசன். ஸ்டுட்கார்ட்டில் நாங்கள் இருந்த காலம். ஜனவரி முதலாம் திகதி, வீட்டுக்கு வந்த சனத்துக்கு முன்னால் எழும்பி நின்று அறிவித்தார்: இனித் தினமும் ஒரு மணித்தியாலம் நடை, தேத்தண்ணிக்குச் சீனி இல்லை. எல்லோரும் கைதட்டினார்கள். தட்டி முடிய, மனுசன் கேசரித் தட்டை எட்டி எடுத்தார்.

அவருக்கு நீரிழிவு. கால்விரல்கள் விறைக்கத் தொடங்கியிருந்தன. நடக்காவிட்டால் காலுக்கு ஆபத்து, நாளைக்கே தொடங்குங்கள் என்று ஜெர்மன் டொக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். நாளைக்கேயாம்! எங்கட ஆள் அப்படிக் கண்டபடி தொடங்குகிற ஆளா?

"இஞ்சேரும், நல்ல காரியம் எண்டால் நேரம் பாத்துத்தான் துவங்கோணும்" என்றார்.

தைப்பொங்கலுக்கு நேரம் நன்றாக இருந்தது, வெளியே பனி கொட்டியது. ஆகவே சித்திரை வருடப்பிறப்புக்குத் தள்ளிப்போட்டார். அதற்கென்று விலை கூடிய சப்பாத்து ஒன்றும் வாங்கினார். புதுக் கார் என்றால் சந்தனப் பொட்டு வைத்திருப்பார். சப்பாத்து ஆனபடியால் தப்பியது.

வருடப்பிறப்பு வந்தது. யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்கத்தில் சுபநேரம் பார்த்து, ஊர் நேரத்திலிருந்து நாலரை மணித்தியாலம் கழித்து, அந்த நிமிடத்திலேயே வலது காலை வைத்து வாசலைத் தாண்டினார். பொய் சொல்லக்கூடாது, ஒரு கிழமை ஒழுங்காக நடந்தார். சீனியும் கேட்கவில்லை. மனுசன் திருந்திவிட்டார் என்று நானும் நம்பித் தொலைத்தேன்.

அப்போதுதான் பிராங்பேர்ட்டில் இருக்கும் அவருடைய அக்கா தொலைபேசி எடுத்தார். நடந்துவிட்டு அப்போதுதான் வந்த தம்பியார், சப்பாத்தோடு நின்றபடியே தன் நேரக்கணக்கைப் பெருமையாகச் சொன்னார்.

"தம்பி, இஞ்ச மார்ச்சில மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்கு மாத்தினவங்கள் எல்லோ? இப்ப மூண்டரை தானே கழிக்கோணும்?"

சுபநேரத்துக்கு ஒரு மணித்தியாலம் முந்தி வெளிக்கிட்டுவிட்டாராம்! முகம் செத்துப்போயிற்று. சப்பாத்தைக் கழற்றித் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார்.

"பிழையான நேரத்தில துவங்கினது சரிவராது. விஜயதசமிக்குப் புதுசாத் துவங்குவம்."

"கேசரி தின்ன மட்டும் நேரம் பாக்கிறேல்லையோ நீங்கள்?" என்று கத்தினேன்.

"உமக்கு உதெல்லாம் விளங்காது."

விளங்காதாம்! படித்த மனுசன், தொழிற்சாலையில் பெரிய மெசினை ஓட்டுகிறவர், சொந்தக் காலை ஓட்ட அரை வருடம் தவணை கேட்கிறார். தேத்தண்ணியில் சீனி திரும்பவும் ஏறியது. நல்ல நேரம் பார்க்காமலே ஏறியது. எனக்கு வந்த எரிச்சலுக்கு அந்தப் பஞ்சாங்கத்தைக் குப்பையில் போட்டிருப்பேன், பாவம் பார்த்து விட்டேன்.

அந்த வருடம் குளிர் முந்திவிட்டது. பின்னேரங்களில் ஹீட்டரில் காலை முட்டுக்கொடுத்துக்கொண்டு தொலைக்காட்சி பார்ப்பார். விறைத்த காலுக்குச் சூடு தெரியவில்லை. சின்னவிரல் வெந்து பொங்கியிருந்ததை நான்தான் கண்டேன். புண் ஆறவில்லை, கறுத்தது. விஜயதசமியன்று நாங்கள் ஆசுப்பத்திரியில் இருந்தோம். விரலை எடுத்துவிட்டார்கள். சத்திரசிகிச்சைக்கு டொக்டர் நாளும் மணியும் குறித்துத் தந்த டெர்மின் நல்ல நேரமா என்று அவர் கேட்கவுமில்லை, நான் பார்க்கவுமில்லை.

அதற்குப் பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, நான் கட்டிலருகே இருந்தபோது, தாதி ஒரு விசேஷச் செருப்போடு வந்தாள். எழும்பி நடக்க வேண்டும், இப்போதே என்றாள். சுவர் மணிக்கூட்டில் மூன்று தாண்டியிருந்தது. செவ்வாய், மூன்று மணிக்குப் பிறகு: அசல் ராகுகாலம். எனக்குச் சொல்ல வாய் துடித்தது. அந்த வருடம் முழுக்கச் சேர்த்துவைத்த நக்கல் எல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றது.

அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவருக்கும் தெரியும்.

"இஞ்சேரும், கையைப் பிடியும்" என்றார்.

பிடித்தேன். கட்டிலிலிருந்து இறங்கினார். எந்தக் காலை முதலில் வைத்தார் என்று நாங்கள் இருவருமே பார்க்கவில்லை.