வாழைக்குப் போன தண்ணீர்

சித்தூரில் வீட்டிலேயே மண்பாண்டம் வனைந்துகொண்டிருந்தேன். கை கழுவும் தண்ணீர் வேலிப் பக்கம் ஓடி வீணாகிறதே என்று, ஒரு கோடையில் இரட்டைத் தொட்டி கட்டினேன். முதல் தொட்டியில் சேறு தங்கும். தெளிந்த நீர் அடுத்ததில் வழிந்து மறுபடி உதவும். ஒரு சொட்டுகூட வெளியே போகாது என்று பெருமையடித்தேன்.

சில நாட்களில் பக்கத்து வீட்டு மேரியக்கா வந்தார். மகள் கல்யாணத்துக்கு வாசலில் கட்டவென்று அவர் வேலியோரம் வளர்த்த வாழைகள் வாடிவிட்டன.

"உன் மேல கோவம் இல்லம்மா. நீ கை கழுவுற தண்ணியத்தான் அதுங்க குடிச்சிக்கினு இருந்துச்சிங்க. இப்ப ஊத்தலாம்னா எங்க கெணறும் வத்திப்போச்சி."

வேலிக்கு அந்தப் பக்கம் நான் எட்டிப் பார்த்ததே இல்லை. அன்றே தொட்டியில் வேலிப் பக்கமாக ஒரு துளை போட்டேன். வாழைகள் மெல்லத் தேறின.

கல்யாணத்தன்று வாசலில் கட்டிய, குலை தள்ளிய வாழைகளுக்கு நடுவே நுழைந்தேன். வேலியோரம் அவற்றை வெட்டிய இடத்தில் பிறகு கன்றுகள் முளைத்தன. துளையை நான் அடைக்கவே இல்லை.