ஏறினால் போகும் வலி

மொக்கச்சாமியின் ஏலத்தோட்டத்துக்குக் குரங்கணிக்கு மேலே ஒற்றையடிப் பாதையில்தான் ஏற வேண்டும். ஜீப்பு போகாது. ஐம்பது வயது வரை கால் அவரை ஏமாற்றியதில்லை.

அந்த ஐம்பதாவது வயதில், 1978இல் ஒருநாள் நெஞ்சு அடைத்தது. மதுரை டாக்டர் ரத்தத்தைச் சோதித்து, கொழுப்பு கூடியிருக்கிறது என்று மாத்திரை எழுதினார்.

"இதக் கண்டுபிடிக்க மதுரைக்கா போகணும்? என்னயக் கேட்டா சொல்லிருப்பேன்ல" என்று மனைவி ஒச்சம்மாள் சிரித்தாள். ஆனாலும் வேளை தவறாமல் மாத்திரையைக் கொடுத்தவள் அவள்தான்.

காயெடுப்புப் பருவம் வந்தது. ஏலம் செடியின் தூரில், மண்ணையொட்டிக் காய்க்கும். குந்தித்தான் பறிக்க வேண்டும். குந்திய மொக்கச்சாமியால் எழ முடியவில்லை. தொடை உள்ளுக்குள் கடுத்தது. செடியைப் பிடித்துத் தொங்கி எழுந்தார்.

"என்னண்ணே, செடிய வேரோட கொண்டு போறீகளா?" என்றான் வேலையாள் கன்னையன்.

மலைக்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை. ஏறிய வலியை மறுபடி ஏறித்தான் போக்க வேண்டும். உட்கார்ந்தால் கால் கட்டிக்கொள்ளும். ஆட்களுக்கு அவரே அதைச் சொல்லி வந்தவர். ஆகவே வலியோடு ஏறினார். வலி கூடியபோது, நெஞ்சு நோய் காலுக்கு இறங்குகிறது என்று பயந்து, ஒரு மாத்திரைக்கு இரண்டாக விழுங்கினார்.

ஒரு காலையில் சிறுநீர் கட்டன்காப்பி நிறத்தில் போனது. சூடு என்று நினைத்து மோரைக் குடித்துவிட்டு ஏறினார். தோட்டத்தில் குந்தியவர் அப்படியே சாய்ந்தார்.

கம்பளியைக் கம்பில் கட்டி, அதில் கிடத்தி இறக்கினார்கள். பாதி வழியில் சேதி கேட்டு ஓடிவந்த ஒச்சம்மாள் மறித்தாள். "செத்த நில்லுங்கப்பு. மாத்திர வேள." முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டைக் கொடுத்தாள்.

மதுரை ஆஸ்பத்திரியில், "வேற மருந்து எதுவும் சாப்பிடுறாரா?" என்று கேட்டார்கள். ஒரு வேளைகூடத் தப்பவில்லை என்று அவள் புட்டியை நீட்டினாள். டாக்டர் அதைத் திருப்பித் தரவில்லை.

"இனிமே இது வேணாம்மா. சில பேருக்கு இது தசைய அழிச்சிரும். அழிஞ்ச தசை சிறுநீரகத்த அடைச்சிருக்கு. வலி வந்தன்னைக்கே நிறுத்திட்டு வந்திருக்கணும்."

ஒச்சம்மாள் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

உயிர் தங்கியது. கால் பழையபடி ஆகவில்லை. மறு பருவத்தில் தோட்டத்துக்கு ஆட்கள் மட்டும் போனார்கள். பாதையோர வீட்டு வாசலில் கட்டிலில் கிடந்த மொக்கச்சாமியின் காதில் அவர்கள் பேச்சு விழுந்தது.

"நேத்து ஏறுனதுல கால் கடுக்குதுண்ணே" என்றாள் காயெடுக்கப் போன மருதாயி.

"ஏறு ஆத்தா, ஏறுனா போயிரும்" என்றான் கன்னையன்.

"ஏறாத மருதாயி! உக்காரு!" என்று மொக்கச்சாமி கத்தினார்.

மருதாயி திரும்பி அவருடைய சூம்பிய காலைப் பார்த்தாள். உட்கார்ந்ததால்தான் இப்படி ஆயிற்று என்று பயந்தவளாக, வெரசாக ஏறிப் போனாள்.