சேகரகுருவும் தண்ணி லாரி சேகரும்

பொறுப்பேற்ற முதல் மாதமே நான் ஒரு கல்யாணத்தைக் கெடுக்கப் பார்த்தேன்.

ஒரே குருவானவர் பல ஊர்ச் சபைகளைக் கவனித்தால் அந்த ஊர்களைச் சேர்த்துச் சேகரம் என்பார்கள். அவர் சேகரகுரு. எனக்கு ஐந்து ஊர். ஆனால் அருப்புக்கோட்டை டவுனில் நான் பாஸ்டர், பாளையம்பட்டியில் ஐயரு, பஸ் கண்டக்டருக்கு ஃபாதர். பரளச்சி சபையார் மட்டும்தான் முறையாகச் சேகரகுரு என்பார்கள்.

அன்று பதினோரு மணிக்குப் பரளச்சியில் கல்யாணம். பாளையம்பட்டியில் படுத்த படுக்கையாக இருந்த ஒரு பெரியவருக்கு நற்கருணை கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். பாதி வழியில் பைக் பஞ்சர். போனிலும் சார்ஜ் இல்லை. கருவேலங்காட்டு ஓரமாகத் தள்ளிக்கொண்டே போய் ஒரு பஞ்சர் கடையைப் பிடித்தேன். கடைக்கார பாய் என் வெள்ளை அங்கியைப் பார்த்ததும், "உக்காருங்க அஜரத்து" என்றார். மரியாதைக்கு அவருக்குத் தெரிந்த சொல் அது.

நான் கடைக்குப் பின்னால் கை கழுவிக்கொண்டிருந்தபோது முன்னால் ஒரு பைக் வந்து நின்றது. "சேகரு, சேகரு" என்று ஏதோ பேச்சு. நமக்கென்ன என்று இருந்துவிட்டேன். நேரமாகியும் என்னைக் காணாமல் தேடி வந்த கல்யாணப் பெண்ணின் தாய்மாமன் அவர் என்று பிறகுதான் தெரிந்தது. திருப்பூரிலிருந்து வந்தவர், என்னைப் பார்த்ததில்லை.

"சேகரகுருவப் பாத்தீகளா? கல்யாணத்துக்கு வரணும்."

"கல்யாணத்துக்கா? அப்ப தண்ணி லாரி சேகருதான். அந்தா, மேக்க தோட்டத்துல லோடு ஏத்துறாப்ல" என்று பாய் கைகாட்டி விட்டிருக்கிறார்.

நான் கோயிலை அடைந்தபோது மணி பன்னிரண்டு. மாப்பிள்ளையின் அப்பா வாசலிலேயே நின்றார். "இன்னும் அரை மணி பாத்துட்டுக் கெளம்பிருப்போம். எங்களுக்கு ஊருல ஐயரு இல்லையா?"

மன்னிப்புக் கேட்டுவிட்டு ஆராதனையைத் தொடங்கப் போனேன். பெண் உள்ளே வரவில்லை. அப்பா இல்லாத பிள்ளை அது.

"மாமா கையப் பிடிச்சுத்தான் வருவேன். எங்கப்பா இருந்து, அவுக வர லேட்டானா விட்டுட்டு நடத்துவீகளா?"

என்னைத் தேடிப் போனவருக்காக நானே வெயிலில் நின்றேன்.

கால் மணி நேரத்தில் தண்ணி லாரி வந்தது. பைக்கைத் தோட்டத்திலேயே விட்டுவிட்டு வந்த மாமா குதித்து இறங்கினார். "சேகரகுருவக் கூட்டியாந்துட்டேன். ஆனா தாலி எடுத்துக் குடுக்கத் தெரியாதுங்காரு!"

கைலியோடு நின்ற சேகர் பதறினார். "தண்ணிக்குத்தான் கூப்புடுறாகன்னு வந்தேன்யா. பாதி வழியில பைபிள் எங்கன்னு கேக்காரு!"

முதலில் சிரித்தது கல்யாணப் பெண்தான். அப்புறம் மாப்பிள்ளையின் அப்பாவாலும் முறைப்பாக நிற்க முடியவில்லை. அவள் மாமாவின் கையைப் பிடித்து உள்ளே வந்தாள். சேகர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து முழு ஆராதனையும் பார்த்தார்.

புதிதாக வரும் குருமார், எந்தப் பட்டம் சரி என்று என்னிடம் கேட்பார்கள். எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பாருங்கள் என்பேன். யாரோ யாரையோ தேடுகிற சத்தம் கேட்டால், நம்மை இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். எழுந்து போய், "யாரத் தேடுறீக?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.