வாவிக்கரையில் ஒரு ‘தற்செயல்’

போன ஞாயிற்றுக்கிழமை கண்டி வாவியைப் பார்க்கப் போனோம். கண்டிக்காரர்கள் வாவியைப் பார்க்கப் போவார்களா என்று கேட்காதீர்கள். பஸ் ஜன்னலில் தினமும் பார்த்துச் சலித்த தண்ணீர்தான். பிறகு எதற்கு?

பெண் பார்க்க!

பெண், என் அக்கா மகள் நிர்மலா. பேராதனையில் வேலை. மாப்பிள்ளை வீடு குண்டசாலை. இப்போதெல்லாம் வீட்டுக்கு வந்து பெண் பார்ப்பது குறைந்துவிட்டது. சம்பந்தம் சரிவராவிட்டால் பக்கத்து வீட்டுக்குத் தெரிந்துவிடுமே! அதனால் இரண்டு குடும்பமும் வாவிக்கரையில் ‘தற்செயலாக’ச் சந்தித்துக்கொள்ளும். தரகர் நேரம் குறித்துக் கொடுத்த தற்செயல்...

இதுவும் தட்டிப்போய்விடக் கூடாதே என்று அக்காவுக்குத் தூக்கமே இல்லை. முன்பு வந்தவர்கள் எல்லோரும் ‘நிறம் கொஞ்சம்...’ என்று இழுத்துவிட்டுப் போனவர்கள். அதனால் அன்றைக்கு மகளின் தலைக்கு மேல் விரித்த குடையை அவள் இறக்கவேயில்லை.

“அட, நீங்களா! எங்க இந்தப் பக்கம்?” என்றேன். எனக்குக் கொடுக்கப்பட்ட வசனம் அதுதான்.

“சும்மா... மீனுக்குப் பொரி போட வந்தோம்” என்றார் மாப்பிள்ளையின் அம்மா. பட்டுச்சேலை கட்டிக்கொண்டு மீனுக்குப் பொரி!

உச்சி வெயில் மண்டையைப் பிளந்தது. இந்த நேரம்தான் வேண்டும் என்று அவர்கள் ஏன் அடம்பிடித்தார்கள் என்பது அந்த அம்மா அடுத்து வாயைத் திறந்ததுமே விளங்கிவிட்டது.

“புள்ள, அந்தக் குடைய விட்டுட்டு இப்புடி வெயிலுக்கு வாங்களேன். இந்த ஃபில்டர் வந்த பொறகு போட்டோவுல எல்லாருந்தான் செவப்பா இருக்காங்க...”

கடையில் சேலையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்ப்போமே, அதே மாதிரி! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அக்கா... பாவம், குடையை மடக்கினாள்.

நிர்மலா வெயிலில் நின்றாள். அந்த அம்மா மேலும் கீழும் பார்த்தார்.

“ம்... பரவால்ல.”

நிர்மலா மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினாள். “நீங்க ஒண்ணுஞ் சொல்லலியே?”

வங்கியில் அதிகாரி. பெரிய படிப்பு. மனிதர் அதுவரை மீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது அம்மாவைப் பார்த்தார்.

“அம்மா சொன்னா சரிதாங்க...”

நிர்மலா அக்காவின் கையிலிருந்து குடையை வாங்கினாள். நிதானமாக விரித்தாள். மாப்பிள்ளையின் தலைக்கு மேல் பிடித்தாள்.

“இதுக்குள்ள நில்லுங்க அண்ணா. வெயில் உங்களுக்கு ஒத்துக்காது போல.”

அண்ணா!

தரகர் தலையில் கை வைத்துக்கொண்டார். அக்கா அழப்போகிறாள் என்று பயந்து திரும்பினால் — முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். அவளை அப்படிப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று! எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது.

அண்ணா என்று கூப்பிட்ட பிறகு மாலை மாற்ற முடியுமா? அந்த அம்மாவுக்கு மகள் கிடைத்துவிட்டாள் — மருமகளைத்தான் இனி வேறு வெயிலில் தேட வேண்டும்.