முதலாளி நீட்டிய சுத்தியல்

லைட்ஹவுஸ் குப்பத்தை ஒட்டிய விடுதியில் நான் தோட்ட வேலை பார்க்கிறேன். மரச் சுத்தியலால் பந்தைத் தட்டிக் கம்பி வளைவுக்குள் விடும் குரோக்கே ஆட்டத்துக்கு ஆள் குறைந்ததால், முதலாளி என்னையும் கூப்பிட்டு ஒரு சுத்தியலை நீட்டினார். இடுப்பளவுப் பிடி, கனமான தலை.

நல்லதை எனக்கு ஏன் தரவேண்டும்?

"உங்க கையில இருக்கிறதுதான் வேணும் சார்," என்றேன். சிரித்துக்கொண்டே மாற்றிக் கொடுத்தார்.

நான் அடித்த பந்தெல்லாம் இடப்பக்கமே ஓடியது. படகுக் கழியைப் பார்ப்பதுபோல் ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். பிடி வளைந்திருந்தது.

"இன்னா சார், கோணலை நீங்களே வெச்சிக்கினீங்க?"

"விருந்தாளிங்களுக்கு அதைத் தர முடியுமாம்மா?"

நம்பாமலேதான் திரும்ப மாற்றிக்கொண்டேன். என் பந்து நேராகப் போனது. கோணல் சுத்தியலோடு ஜெயித்ததோ அவர்தான்.