முந்நூறு குதிரையும் ஒரு மெத்தையும்

கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் சாய்குமாரைக் கெட்டவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. குடி கிடையாது, சிகரெட் கிடையாது, பட்டறை ஆட்களிடம் குரலை உயர்த்திப் பேசியது கிடையாது. இருந்தது ஒரே ஒரு கிறுக்குதான். கார். பாலிடெக்னிக் படிக்கிற காலத்தில் செட்டிபாளையம் ரேஸ் டிராக்கின் வேலிக்கு வெளியே வெயிலில் நின்று பிடித்துக்கொண்ட கிறுக்கு அது. கல்யாணம் ஆகியும் தெளியவில்லை, தலை நரைத்தும் தெளியவில்லை.

சில வருடங்களுக்கு முன்பு அவர் மனைவி மௌனிகா சத்தி ரோட்டில் ஸ்கூட்டரோடு விழுந்து முதுகெலும்பை உடைத்துக்கொண்டாள். ஆபரேஷன் செய்தார்கள், உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் உட்கார முடியாமல் போயிற்று. பிடித்துக்கொண்டு நாலு எட்டு நடப்பாள், மற்றபடி படுக்கைதான். உட்கார்ந்தாலோ, இடுப்பில் கத்தியை விட்டுத் திருகுகிற மாதிரி வலி வந்து வாய்விட்டு அழுதுவிடுவாள். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் ஆம்புலன்ஸ்தான். அது அவளுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

"ஏனுங்க, அந்த வண்டி வந்து நின்னாப் போதும், வீதியே வாசலுக்கு வந்து உச்சுக்கொட்டுது. நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்பாள்.

அந்தச் சமயத்தில்தான் கொச்சியில் ஒரு டாக்டர் தன் பழைய ஜெர்மன் ஸ்டேஷன் வேகனை விற்கப்போகிறார் என்று சாய்குமாருக்குத் தகவல் வந்தது. முன்னால் பார்த்தால் கார், பின்னால் பார்த்தால் நீண்டுகொண்டே போகிற வண்டி. பின்சீட்டை மடக்கினால் ஓர் ஆள் தாராளமாகக் காலை நீட்டிப் படுக்கலாம். குடும்பமும் சாமானுமாக ஊர் சுற்றுவதற்கென்று அதைச் செய்த ஜெர்மன்காரன், என்ன நினைத்தானோ, ரேஸ் காருக்குப் போட வேண்டிய முந்நூறு குதிரைச் சக்தி எஞ்சினை அதற்குள் திணித்துவிட்டான். சாய்குமார் ஓட்டிப் பார்க்கப் போனவர் வண்டியோடுதான் ஊர் திரும்பினார். மறுநாளே அளவு கொடுத்து ஓர் இலவம்பஞ்சு மெத்தை தைத்துப் பின்னால் விரித்தார்.

"உனக்காகத்தான் வாங்குனேன் அம்மணி" என்றார். அவளும் நம்பினாள். முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. மெத்தை அவளுக்கு, குதிரைகள் அவருக்கு.

அந்த வண்டியிடம் இருந்த நல்லதை மறைக்கக் கூடாது. மௌனிகா முதன்முதலில் அதில் படுத்துக்கொண்டு பொள்ளாச்சி ரோட்டில் போனபோது, பின்கண்ணாடி வழியாகத் தென்னந்தலைகள் ஓடுவதைப் பார்த்துச் சிரித்தாள். விழுந்த நாளிலிருந்து அவள் சிரித்ததே இல்லை. லாரியைத் தாண்டும்போது தம்ளர் தண்ணீர் அலுங்காது. சாய்குமார் வலது காலைக் கொஞ்சம் அழுத்தினால் போதும், முன்னால் போகிற வண்டியெல்லாம் பின்னால் வந்துவிடும். வீதியில் யாரும் உச்சுக்கொட்டவில்லை. மாறாக, வண்டி பேர் என்னங்க, எவ்வளவு போகுமுங்க என்று மொய்த்துக்கொண்டார்கள்.

கெட்டதைச் சொல்லப்போனால் பொழுது போதாது. வயிறு தரையைத் தொடுகிற மாதிரித் தாழ்ந்த வண்டி அது. நம் ஊர் வேகத்தடையைப் பார்த்தாலே சாய்குமாருக்கு வியர்க்கும். கோணலாக ஏற்றிக் கோணலாக இறக்குவார், பின்னால் வருகிறவன் ஹாரனில் திட்டுவான். டயரோ அப்பளம் மாதிரி. பெட்ரோலைக் குடிக்கவில்லை, குளித்தது. என்னவென்றே புரியாத மஞ்சள் விளக்கொன்று அடிக்கடி எரியும். ஒரு நட்டு போனாலும் அது கடல் தாண்டித்தான் வர வேண்டும்.

அப்படித்தான் ஒரு போல்ட் போயிற்று. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற டர்போவுக்கு ஆயில் போகிற குழாயைப் பிடித்து நிற்கும் போல்ட் அது. சுண்டுவிரல் அளவுதான், ஆயில் போவதற்கு நடுவில் ஊசித்துளை ஒன்று. உக்கடத்தில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் இஸ்மத் கழற்றிப் பார்த்துவிட்டு, "ஒரிஜினல் வர ஒரு மாசம் ஆகுமுங்ணா. அதுவரைக்கும் வண்டியை எடுக்காதீங்க" என்றான்.

கோயமுத்தூர்க்காரனிடம் சொல்லக் கூடாத சொல் அது. பம்ப்செட்டோ கிரைண்டரோ, எந்த நாட்டுக்காரன் செய்ததாக இருந்தாலும் பிரித்துப் பார்த்து இங்கேயே கடைந்துவிடுகிற ஊர். சாய்குமார் பட்டறைக்குப் போய், நல்ல இரும்புக் கம்பியாக எடுத்து, தானே லேத்தில் நின்று சாயங்காலத்துக்குள் கடைந்து முடித்தார். அசலைவிட அழகாக இருந்தது. ஒரே ஒரு திருத்தம் மட்டும் செய்தார்.

"இத்துணூண்டு ஓட்டையில ஆயில் எப்படிப் போவும் இஸ்மத்து? அதான் அடைச்சிருக்கு. நான் கொஞ்சம் பெருசு பண்ணிப்போட்டேன்."

"அவன் சும்மா வெச்சிருக்க மாட்டானுங்ணா."

"ஜெர்மன்காரனுக்குக் கொம்பா மொளைச்சிருக்கு? மாட்டுப்பா."

இஸ்மத் மாட்டினான். வண்டி முன்பைவிட நன்றாகவே ஓடியது. சாய்குமார் பட்டறைக்கு வந்தவர்களிடமெல்லாம் அந்தக் கதையைச் சொல்லி மார்தட்டினார். அதிகமாகப் போன ஆயில் உள்ளே கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து எரிந்துகொண்டிருந்தது அவருக்குத் தெரியவில்லை.

போன மாசி மாதம், ஒரு காலை நேரம், காங்கேயத்திலிருந்து மௌனிகாவின் அண்ணன் நரசிம்மலு போன் செய்தார். அப்பாவுக்கு இழுத்துக்கொண்டிருக்கிறது.

"மாப்ளே, எல்லாரும் பால் ஊத்தியாச்சு. தொண்டைக்குள்ள எறங்க மாட்டேங்குது. கண்ணு வாசலையே பாக்குது. மௌனி வந்து ஊத்துனாத்தான் போவாராட்டம் இருக்குதுங்க. வெரசலா கூட்டியாங்க."

மௌனிகா மெத்தையில் படுத்ததும் சொன்னது ஒன்றுதான். "பறந்து போங்க." இவ்வளவு காலமும் மெதுவாகப் போங்க, மெதுவாகப் போங்க என்றே சொல்லி வந்தவள் அவள். சாய்குமார் பறந்தார். சூலூர் போனது தெரியவில்லை, பல்லடம் போனது தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், மாமனார் சாகக் கிடக்கும் அந்த நேரத்திலும், எஞ்சின் பாடுகிற சத்தம் அவருக்குள் எங்கோ ஓர் ஓரத்தில் இனித்தது.

பொங்கலூரைத் தாண்டியதும் பின்னால் வந்த லாரிக்காரன் விளக்கை விட்டுவிட்டு அடித்தான். கண்ணாடியில் பார்த்தால் சாலையே தெரியவில்லை, நீலப் புகை. ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தது. சாய்குமார் ஒரு பெட்ரோல் பங்கின் ஓரமாக வண்டியை ஒதுக்கி, சட்டென்று சாவியைத் திருகி அணைத்தார்.

"ஏனுங்க நின்னுட்டீங்க?"

"ஆயில் எறங்கிப்போச்சு கண்ணு. இதுக்கு மேல ஓட்டுனா எஞ்சின் போயிரும்."

"பங்க்லதான் ஆயில் விப்பாங்கல்ல? வாங்கி ஊத்தி ஓட்டுங்க."

"அது லாரிக்கு ஊத்துற ஆயிலு. இந்த எஞ்சினுக்குச் சேராது. உள்ள இருக்கறது பூரா கெட்டுப்போயிரும்."

படுத்தபடியே அவள் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். "போனாப் போவட்டுமுங்க. எங்கப்பனுங்க."

சாய்குமார் பங்க் பக்கம் பார்த்தார். ஆயில் டப்பாக்கள் கண்ணெதிரே அடுக்கியிருந்தன. காலை எடுத்து வைத்தவர்தான், நின்றுவிட்டார். நின்று பானெட்டைத் திறந்தார், மூடினார். பிறகு போனை எடுத்தார். ஆம்புலன்ஸ் வந்தால் இன்னும் வேகமாகப் போகலாம் என்று அவளுக்குச் சொன்னார், தனக்கும் சொல்லிக்கொண்டார். பக்கத்து ஆம்புலன்ஸ் திருப்பூருக்கு ஒரு விபத்துக் கேஸை ஏற்றிப் போயிருந்தது. உடனே வந்துவிடும் என்றார்கள். அப்புறம் இஸ்மத்தைக் கூப்பிட்டு, காரை ஏற்றிப்போக லாரியோடு வரச் சொன்னார். நடுரோட்டில் இறங்கிக் கையை நீட்டினார். நின்ற கார்களில் அவளால் உட்கார முடியாது. படுக்க இடம் உள்ள வண்டி ஒன்றும் வரவில்லை.

வெயில் ஏறியது. அவள் மறுபடி ஓட்டுங்க என்று கேட்கவில்லை. பின்கண்ணாடி வழியாக வானத்தைப் பார்த்தபடி, அப்பா, அப்பா என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். சாய்குமாரால் அவள் பக்கத்தில் நிற்க முடியவில்லை, விலகிப் போகவும் முடியவில்லை. வண்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தார். வாங்கி ஊற்று, ஊற்று என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆம்புலன்ஸ் இதோ வந்துவிடும், அதற்குள் எதற்கு எஞ்சினைக் கெடுப்பானேன் என்று புத்தி இழுத்துப் பிடித்தது. அந்த இழுபறியிலேயே நேரம் போனது.

போன் அடித்தது. நரசிம்மலு. சாய்குமார் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். அவர் முகத்தைப் பார்த்தே மௌனிகாவுக்குத் தெரிந்துவிட்டது. அவள் அலறிய அலறலில் பங்கில் நின்றவர்கள் ஓடிவந்தார்கள்.

அதற்குப் பிறகு எல்லாம் வந்தது. ஆம்புலன்ஸ் வந்தது. அவளை ஸ்ட்ரெச்சரில் மாற்றிக்கொண்டிருக்கும்போதே இஸ்மத்தின் லாரியும் வந்து நின்றது. நடந்தது எதுவும் தெரியாத இஸ்மத், ஸ்ட்ரெச்சரைப் பார்த்து வழக்கமான ஆஸ்பத்திரிப் பயணம் என்றே நினைத்துக்கொண்டு, நேராகப் போய் பானெட்டைத் திறந்தான். ஆயில் அளவு காட்டும் கம்பியை உருவிப் பார்த்தான், குழாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது.

"கரெக்டான நேரத்துல ஆஃப் பண்ணுனீங்ணா! எஞ்சின் தப்பிச்சுருச்சு. டர்போகூடத் தேறிக்கும்."

ஸ்ட்ரெச்சரிலிருந்து மௌனிகா கேட்டாள். அழுது அழுது குரல் கட்டியிருந்தது. "தம்பி, அந்த பங்க் ஆயிலை ஊத்தி ஓட்டியிருந்தா காங்கேயம் போயிருக்குமுங்களா?"

"போறதுக்கென்னங்க்கா, தாராளமா போயிருக்கும். போயிச் சேந்ததுக்கப்புறம் எஞ்சினைத் தூக்கிக் காயலாங்கடையில போட்டிருக்கணும், அவ்வளவுதான்" என்றவன், இருவர் முகத்தையும் பார்த்துப் பேச்சை நிறுத்தினான்.

ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளினார்கள். சாய்குமார் பின்னாலேயே ஏறப்போனார்.

"நீங்க எதுக்குங்க?" என்றாள் மௌனிகா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை, வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுகிற மரியாதையோடு சொன்னாள். "அதான் தப்பிச்சுருச்சல்லங்க. அதுகூடவே இருங்க. எங்கப்பனை நான் போய்ப் பாத்துக்கறேன்."

கதவைச் சாத்தினார்கள். ஆம்புலன்ஸ் கிளம்பியதும் சாய்குமார் அதன் பின்னாலேயே ஓட ஆரம்பித்தார். மௌனி, மௌனி என்று கூப்பிட்டுக்கொண்டே ஓடினார். இஸ்மத் பானெட்டைப் பிடித்தபடி நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஐம்பதை நெருங்குகிற மனுஷன், எவ்வளவு தூரம் ஓட முடியும்? பங்க் சுவர் முடிகிற இடத்தில் மூச்சு வாங்கி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.